சாரலில் சூடான பெட்டி

கோடை முழுக்க அந்தக் கம்ப்யூட்டர் ஒரு தடவைகூட நின்றதில்லை. தென்காசியின் சித்திரை வெயிலில் மொட்டை மாடி கொதித்து, அந்தச் சூடு தளம் வழியாக வீட்டுக்குள் இறங்கி, மின்விசிறிக் காற்றே அனலாக வீசிய மத்தியானங்களிலும் என் மகன் அதன் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தான். ஆனி பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி, ஊரே குளிர்ந்த பிறகுதான் அது நிற்க ஆரம்பித்தது. சூடுதான் காரணம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றாமல் போனது அதனால்தான். இன்றைக்கு யாரிடம் சொன்னாலும், இதுகூடவா தெரியவில்லை என்று கேட்கிறார்கள். பங்குனியில் ஒழுங்காக ஓடிய பெட்டி ஆடிச் சாரலில் சூட்டில் நிற்கும் என்று யார் நினைப்பார்கள்?

மகன் சென்னையில் ஒரு கட்டட நிறுவனத்தில் வேலை பார்த்தான். அங்கே என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. ஒரு நாள் அவனோடு அறையில் தங்கியிருந்த பையன் போன் செய்து, "ஆன்ட்டி, நீங்க வந்து இவனக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றான். என்ன என்று கேட்டதற்கு, "சாப்பிட மாட்டேங்கிறான், பேச மாட்டேங்கிறான், எனக்குப் பயமா இருக்கு" என்றான். நானும் என் கணவரும் போய்க் கூட்டி வந்தோம். வீட்டுக்கு வந்தவன் சுவரைப் பார்த்துப் படுத்தான். தலைமுடி வளர்ந்து கழுத்தில் விழுந்தது. திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினோம். அவர் மாத்திரை எழுதினார். அவனைக் கேள்வி கேட்டுத் துளைக்க வேண்டாம், ஆனால் தனியாகவும் விட வேண்டாம் என்று என்னிடம் சொன்னார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவள். கேள்வி கேட்காமல் இருப்பதுதான் எனக்குத் தெரியாத வேலை.

தை மாதம் அவனாகவே எழுந்து முடி வெட்டிக்கொண்டு வந்தான். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், கம்ப்யூட்டர் வேண்டும் என்றான். இனிமேல் கட்டப்போகும் வீடு கட்டி முடித்தபின் எப்படி இருக்கும் என்று படமாகவும் வீடியோவாகவும் செய்து கொடுக்கும் வேலை. வாசலில் நுழைந்து, ஹாலைக் கடந்து, படியேறி மாடிக்குப் போகிறமாதிரி திரையில் காட்டுவான். கட்டாத வீட்டின் ஜன்னல் வழியே வெயில் விழும். சோபாவில் நிழல் இருக்கும். அந்த நிழலையும் வெளிச்சத்தையும் கணக்குப் போட்டு ஒவ்வொரு படமாக முடிக்க மிஷின் மணிக்கணக்கில் ஓட வேண்டும். அதற்கு ரெண்டர் என்று பெயர். ஆலங்குளத்தில் இருக்கும் ஒரு இன்ஜினியர் அவனுக்கு வேலை கொடுத்தார். முதல் வீட்டை முடித்து அனுப்பிய அன்று மகன் என்னைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினான். அந்த வீட்டு அடுப்படியில் ஒரு பாத்திரத்தில் எலுமிச்சம்பழங்கள் வைத்திருந்தான்.

"இது என்னத்துக்குடே?" என்றேன்.

"ஆள் இருக்க வீடு மாதிரி இருக்கணும்லா" என்றான்.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் பேசிய வார்த்தைகளில் எனக்கு மறக்காத வார்த்தை அது.

இனி துணிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாரல் காலத்தில் இந்த ஊரில் துணி காய்வதில்லை. வெயில் அடிக்கும்போதே தூறும். கொடியில் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, மூன்றாம் நாளும் இடுப்புப் பட்டையில் ஈரம் இருக்கும், முடை நாற்றம் அடிக்கும். எல்லா வீட்டிலும் கட்டில் கால், கதவு மேல், நாற்காலி முதுகு என்று துணி தொங்கும். சிலர் சட்டையை அரிசி வேகும் பானைக்குப் பக்கத்தில் காட்டுவார்கள். சிலர் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போடுவார்கள், அங்கே கொஞ்சம் சூடு இருக்கும். எங்கள் வீட்டில் அதைவிட நல்ல இடம் கிடைத்தது. மகனின் மேஜைக்கு அடியில் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி. அதன் முதுகிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வரும். ஒரு நாள் கர்ச்சீப் ஒன்று தவறி அங்கே விழுந்து, எடுக்கும்போது மொறமொறவென்று காய்ந்திருந்தது. அன்றைக்கே நான் ஜன்னல் கம்பியிலிருந்து மேஜைக் கால் வரைக்கும் ஒரு கயிறு கட்டினேன். பனியன், சட்டை, காலுறை, அருவிக் குளியலுக்கு எடுத்துப்போகும் குற்றாலத் துண்டு எல்லாம் அங்கே காய்ந்தன. என் கணவர் உரக்கடை வைத்திருப்பவர். கடைக்குப் போகும்போது அங்கேயிருந்து பனியனை எடுத்து உதறி, "இஸ்திரி போட்ட மாதிரி இருக்கே" என்று போட்டுக்கொள்வார். மகனும் ஒன்றும் சொல்லவில்லை. சாரல் உள்ளே அடிக்கிறது என்று அந்த அறை ஜன்னலையும் சாத்தி வைத்தோம்.

கடையநல்லூரில் ஒரு வீட்டு வேலை வந்திருந்தது. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருப்பவர், லீவில் ஊருக்கு வந்திருந்தார். திரும்பப் போவதற்குள் வீட்டை வீடியோவில் பார்த்துவிட்டு அஸ்திவாரத்துக்குச் சரி சொல்ல வேண்டும் என்பது அவருடைய விருப்பம். மகன் அந்த வீடியோவை ஓடவிட்டான். கொஞ்ச நேரத்தில் திரை அப்படியே நின்றது. மவுஸ் அம்பு நகரவில்லை. விசையை அமுக்கினால் பதில் இல்லை. பெட்டிக்குள் விசிறி மட்டும் மாவு மில் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டான். மறுபடியும் அதே இடத்துக்குப் பக்கத்தில் நின்றது.

"ஹேங் ஆவுது" என்றான். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவன் செய்தவை எல்லாம் நான் பக்கத்திலிருந்து பார்த்தவை. வைரஸா என்று பார்த்தான். விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினான். ரேம் என்கிற பட்டையைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பற்களை, என் பள்ளிக்கூடப் பையில் இருந்த ரப்பரை வாங்கி அழித்துத் துடைத்துப் பொருத்தினான். எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். பிளக் பாயிண்டை மாற்றினான். சூடு என்று அவனுக்குத் தோன்றாமலும் இல்லை. பக்கத்துத் தகட்டைத் திறந்து விசிறி சுற்றுகிறதா என்று பார்த்தான். சுற்றியது. அதோடு விட்டுவிட்டான். ஒவ்வொரு தடவையும் மிஷின் நிற்கும்போது அவனும் நின்றுவிடுவான். கையை மவுஸிலிருந்து எடுக்காமல் அசையாத திரையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். நான் சாப்பிடக் கூப்பிட்டால் கேட்காது. சென்னையிலிருந்து கூட்டி வந்தபோது இருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருவதை நான் பார்த்தேன். எனக்கு அந்த மிஷின் கெட்டுப்போவது பற்றிக் கவலையே இல்லை. அவன் திரும்பவும் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான் என்பதுதான் கவலை.

என் கணவர் பெட்டியை பைக்கில் வைத்து, தென்காசிக்குள்ளேயே ஒரு ரிப்பேர் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தார். திரும்ப வாங்கப் போனபோது நானும் போனேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்த நிலையில் மேஜைமேல் வைத்து சினிமாப் பாட்டு ஓடவிட்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க பெட்டிக்கு ஒரு கேடும் இல்ல. வந்ததுலருந்து பாட்டு ஓடிக்கிட்டுதான் கெடக்கு, ஒரு தடவ நிக்கல. எங்க கடையில வேலைக்கு வச்சிக்கிடலாம்னு பாக்கேன்" என்று சிரித்தார்.

"அப்ப வீட்ல ஏன் நிக்குது?" என்றார் என் கணவர்.

"வீட்ல யாரு ஓட்டுதா?"

"பையன்."

"தம்பிட்ட கேளுங்க" என்றார் கடைக்காரர். வேடிக்கையாகத்தான் சொன்னார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைக்கு அடியில் தள்ளி வைத்தோம். நான் துணிகளை அந்தக் கயிற்றில் மறுபடி போட்டேன். மறுநாள் மத்தியானம் ரெண்டர் ஓடவிட்டதும் அது நின்றது. இன்ஜினியர் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மகன் எடுக்கவில்லை. கடைசியில் அவர் என் கணவருக்குப் போன் செய்துவிட்டார். கடையிலிருந்து வந்த இவர் ஹாலில் நின்றபடியே பேசினார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"கடையில நாள் பூரா ஓடுது. ஒங்கிட்ட வந்தா நின்னுபோவுது. அப்ப கோளாறு எங்கன இருக்கு, நீயே சொல்லு."

மகன் மவுஸிலிருந்து கையை எடுக்கவில்லை.

"முடியலன்னா முடியலன்னு சொல்லிரு. மிஷின் மேல ஏன் போடுத?"

"ஏங்க, விடுங்க" என்றேன்.

"நான் என்ன தப்பாவா கேட்டுட்டேன்? அந்த வீட்டுக்காரரு திரும்பப் போவணும்லா" என்று சொல்லிவிட்டு இவர் கடைக்குப் போய்விட்டார்.

நான் அடுப்படியில் இருந்தேன். கதவு திறந்த சத்தம் கேட்டது. பக்கத்துக் கடைக்கு டீ குடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். ரசம் கொதித்து இறக்கிய பிறகும் வரவில்லை. அறைக்குள் போய்ப் பார்த்தேன். போன் மேஜைமேல் கிடந்தது. செருப்பு இல்லை. நான் கணவருக்குப் போன் செய்தேன். "வந்துருவான், எங்கன போவான்" என்றார். அடுத்த நிமிஷம் அவரே திரும்பக் கூப்பிட்டு, "என்ன சட்டை போட்டிருக்கான், பாரு. ஸ்டேஷன்ல தெரிஞ்ச ஏட்டு இருக்காரு, சொல்லி வைக்கேன்" என்றார். அவர் குரல் மாறியிருந்தது.

என்ன சட்டை என்று எனக்குத் தெரியவில்லை. பெற்ற மகன் அன்றைக்குக் காலையிலிருந்து எந்தச் சட்டையில் என் முன்னால் நடந்துகொண்டிருந்தான் என்று எனக்கு நினைவு வரவில்லை. கயிற்றில் எந்தச் சட்டை குறைகிறது என்று பார்த்தால் தெரியும் என்று மேஜைக்கு அடியில் குனிந்தேன். துணிகளை ஒவ்வொன்றாக விலக்கினேன். குற்றாலத் துண்டு ஒன்று கயிற்றிலிருந்து சரிந்து பெட்டியின் முதுகில் அப்பிக்கொண்டிருந்தது. அதை இழுத்தேன். என் புறங்கை தகட்டில் பட்டது. தோசைக்கல் மாதிரி இருந்தது. கையை உதறினேன். துண்டை எடுத்ததும் உள்ளேயிருந்து அடித்த காற்றில் முகம் காந்தியது.

திரையில் கடையநல்லூர் வீட்டின் மாடிப்படி பாதியில் நின்றிருந்தது.

எனக்கு எல்லாம் புரிந்தது. கடையில் திறந்து வைத்து, துணி இல்லாமல், பாட்டு மட்டும் ஓட்டினார்கள். இங்கே நான் அதன் மூக்கை அடைத்து வைத்திருந்தேன். புரிந்து என்ன? யாரிடம் சொல்ல? சாம்பல் நிறச் சட்டையைக் காணோம். அதைத்தான் போனில் சொன்னேன். ஸ்விட்சை அணைக்கக்கூடத் தோன்றாமல் வாசலுக்கு வந்து நின்றேன்.

கணவர் பைக்கில் வந்தார். "பஸ் ஸ்டாண்டுல பாப்போமா, ரயிலடியில பாப்போமா?" என்றார். "குற்றாலத்துக்கு விடுங்க" என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. வண்டியை எடுத்தார்.

அன்று மலையில் நல்ல மழை. வழியெங்கும் வெளியூர் வேன்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன. குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள் என்று ஒரு ஆட்டோக்காரர் கை காட்டிச் சொன்னார். அருவிக்கு முன்னாலிருக்கும் பாலத்தை நெருங்கும்போதே இரைச்சல் காதை அடைத்தது. மெயின் அருவி செம்மண் நிறத்தில், பாதுகாப்பு வளைவைத் தாண்டி வந்து விழுந்துகொண்டிருந்தது. கயிறு கட்டி போலீஸ் நின்றது. கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டம், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போனேன். சாம்பல் நிறம் தெரிந்த இடமெல்லாம் ஓடினேன். ஒரு பெண் என்னைப் பிடித்து நிறுத்தி, "எக்கா, பிள்ளையத் தொலச்சிட்டீயளா? எத்தன வயசு?" என்று கேட்டாள். இருபத்தாறு என்றேன். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டு என் கையை விட்டாள்.

அவனைக் கண்டுபிடித்தது என் கணவர்தான். நேந்திரம் சிப்ஸ் பொரிக்கும் கடை ஒன்றின் ஓரத்தில், கவிழ்த்துப் போட்ட டிரேமேல் உட்கார்ந்திருந்தான். முழுக்க நனைந்திருந்தான். எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஓடிப்போய் அவன் தலையைத் துடைத்தேன். முந்தானையும் ஈரம்.

"என்னலே இது" என்றேன்.

"சும்மா வந்தேன்" என்றான்.

கணவர் பக்கத்து டீக்கடைக்குப் போனார். கடைக்காரரிடம் ஒரு டீ வாங்கி அவன் கையில் கொடுத்துவிட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி நின்று அருவியைப் பார்த்தார். அவருடைய தோள் குலுங்கியதை நான் பார்த்தேன். மகனும் பார்த்திருப்பான்.

வீட்டுக்கு வந்து, அவன் உடை மாற்றிச் சாப்பிட்ட பிறகு நான் துண்டு விஷயத்தைச் சொன்னேன். அவன் எழுந்து போய் மேஜைக்கு அடியில் குனிந்தான். மறுநாள் காலையில் பெட்டியை வெளியே எடுத்து, பிராசசர் மேலிருந்த விசிறியைக் கழற்றினான். விசிறிக்கும் அதற்குக் கீழே இருந்த அலுமினியப் பட்டைகளுக்கும் நடுவில் ஒரு வில்லை. துணிப் பஞ்சும் தூசியும் ஈரத்தில் இறுகி, கம்பளித் துண்டு மாதிரி ஆகியிருந்தது. பக்கத்து ஓட்டைகள் வழியாக எங்கள் துண்டுகளின் பஞ்சை மழைக்காலம் முழுக்க உறிஞ்சியிருக்கிறது. மேலே சுற்றிய விசிறியின் காற்றுக்குக் கீழே இறங்க வழியில்லை. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. அவன் அதை உரித்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். இளஞ்சிவப்பும் நீலமுமாக இருந்தது. எங்கள் வீட்டுத் துண்டுகளின் நிறம்.

பெயிண்ட் பிரஷால் பட்டைகளைத் துடைத்தான். காய்ந்து பொருக்காகிவிட்ட பழைய பசையைச் சுரண்டினான். சூட்டைக் கடத்துவதற்கென்று இருக்கும் வெள்ளைப் பசையை என் கணவர் அதே ரிப்பேர் கடைக்குப் போய் வாங்கி வந்தார். பாசிப்பயறு அளவு வைத்து விசிறியைப் பொருத்தினான். திரையின் ஓரத்தில் சூட்டு அளவு தெரிகிறமாதிரி செய்தான். முன்பு நூறு டிகிரியை ஒட்டிப் போய் நின்றிருக்கும், இப்போது எழுபதைத் தாண்டவில்லை என்றான். நான் கயிற்றை அவிழ்த்தேன். மேஜையைச் சுவரிலிருந்து இழுத்துப் போட்டோம். கடையநல்லூர் வீட்டின் மாடிப்படி மேலே ஏறி முடிந்தது. வீட்டுக்காரர் வளைகுடாவுக்குக் கிளம்புவதற்கு முன் பார்த்துவிட்டார்.

இதோடு முடிந்துவிட்டது என்று என் கணவர் நினைத்தார். அல்லது நினைக்க விரும்பினார். "மிஷின் கோளாறுதான்டே, நான்தான் புத்தியில்லாம பேசிட்டேன்" என்று சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். மகன், "சரிப்பா" என்றான். எனக்கு அது முடியவில்லை. அவன் குளிக்கப் போனால் தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். பள்ளியில் பாதி வகுப்பில் போனை எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் முதலில் வாசலில் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவன் அடுப்படி வாசலில் வந்து சாய்ந்து நின்றான்.

"எம்மா, அன்னைக்கு ஏன் நேரா அருவிக்கு வந்தீய?"

"சீசன்லா. குளிக்கப் போயிருப்பேன்னு நெனச்சேன்."

"துண்டு எடுக்காமலா?"

கத்தியை வைத்துவிட்டு அவனைப் பார்த்தேன். கேட்க வேண்டாம் என்று இத்தனை மாதம் விழுங்கி வைத்திருந்ததைக் கேட்டேன்.

"ஒனக்கு அப்படித் தோணிச்சாலே?"

வெங்காயச் சருகு ஒன்றைக் குனிந்து எடுத்தான்.

"தோணிச்சு. போய் நின்னேன். அங்கன ஒரு போலீஸ்காரர், எந்த ஊரு தம்பின்னு கேட்டாரு. தென்காசின்னேன். 'உள்ளூர்க்காரன் எவனாவது இந்தக் கூட்டத்துல வந்து நிப்பானாடே, கிறுக்குப் பயலே, போய் அங்கன உக்காரு'ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. போய் உக்காந்துட்டேன்."

"இப்பவும் தோணுதா?"

"எப்பவாவது." பிறகு, "மாத்திரைய நிப்பாட்டிட்டேம்மா. வேல ஓட ஆரம்பிச்சதும் சரியாயிட்டுன்னு நெனச்சேன்" என்றான்.

நான் அவனை வைதிருக்க வேண்டும், அல்லது அழுதிருக்க வேண்டும். வெங்காயக் கையோடு அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டர்ட்ட போவோமா?" என்று அவனே கேட்டான். "அப்பாவும் வரட்டும்."

மூன்று பேரும் திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனோம். ஆலங்குளம் தாண்டியதும் சாரல் நின்று, வறண்ட வெயில் அடித்தது. என் கணவர் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் மகனின் முறை வந்தபோது, "நீங்க ரெண்டு பேரும் வெளிய இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். கதவில் பாதி மங்கிய கண்ணாடி. ஆள் உருவம் மட்டும் தெரியும். நான் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். முதலில் டாக்டரின் குரல் கேட்டது. பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. என் கணவர் எழுந்து என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"உள்ள பேசுதானா?"

நான் காதைக் கொடுத்தேன். வார்த்தை ஒன்றும் புரியவில்லை. தாழ்ந்த குரல், நடுநடுவே நின்று, மறுபடி தொடங்கியது.

"பேசுதான்" என்றேன்.